துலாவில் தொடங்கிய வேலை: செயன்முறைக் கூடத்துக்கான நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

எமது பாடசாலையின் மேற்குப் புறத்தில், ஓடு சரிந்து பல வருடங்களாகப் பாவனையின்றிக் கிடக்கும் பழைய வகுப்பறையைத் திருத்தி, தரம் 9 முதல் உயர்தரம் வரையான மாணவர்கள் தம் கையால் வேலை செய்து கற்கும் செயன்முறைக் கூடமாக மாற்றுவதென்று பெற்றோரும் பழைய மாணவரும் ஆசிரியரும் இணைந்த இக்குழு முடிவுசெய்துள்ளது. அதற்கான உதவியை ஊரவரிடமும் புலம்பெயர்ந்து வாழும் எம் உறவுகளிடமும் வேண்டி இம்மடலை எழுதுகின்றோம்.

இந்த எண்ணத்துக்குக் காரணம், கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் நெம்புமரமாகிய ஒரு துலா. கடந்த ஆண்டு எமது விஞ்ஞான ஆசிரியை, நெம்புகள் பற்றிய பாடத்தைத் தொடங்குவதற்கு முன்னரே, 10 லீற்றர் வாளியைத் தூக்கக்கூடிய சிறிய துலா ஒன்றைச் செய்யுமாறு தரம் 10 மாணவரிடம் கூறிவிட்டு ஒதுங்கி நின்றார். பிள்ளைகள் வேப்பமரத்தடியில் துலாவைத் தாங்கும் ஆடுகால் நட்டு, பனஞ்சலாகை ஒன்றை நடுவில் தாங்கும்படி குறுக்கே பொருத்தி, முன் அந்தத்தில் கொடியும் (வாளியைத் தொங்கவிடும் கயிறு) வாளியும், பின் அந்தத்தில் பாரக்கல்லுமாகக் கட்டினார்கள். நீர் நிறைந்த வாளியின் நிறைக்குச் சமமாகவே கல்லையும் கட்டியிருந்தபடியால், வெறும் வாளி அந்தரத்தில் நின்றுவிட்டது. அதைக் கீழே இறக்கக் கொடியைப் பலமாக இழுக்க வேண்டியிருந்தது. ஆசிரியை வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு மாணவி கல்லில் ஒரு பகுதியைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விடயம் வெளித்தது. வாளியின் நிறையோடு நீரின் நிறையில் பாதியை மட்டும் சேர்த்துக் கட்டினால், இறக்கும்போது 5 கிலோகிராம், ஏற்றும்போது 5 கிலோகிராம் என்று பாரம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. துலா வேலையின் மொத்தத்தைக் குறைப்பதில்லை என்பதையும், இழுத்து ஏற்ற வேண்டியதில் பாதியை உடற்பாரத்தால் கீழே அமுக்கும் வேலையாக மாற்றித் தருகிறது என்பதையும் அவர்கள் அப்போதுதான் கண்டார்கள். அடுத்த பாடத்தில் பொறுதி (நெம்பைத் தாங்கும் இடம்), எத்தனம் (நாம் கொடுக்கும் விசை), சுமை ஆகிய சொற்கள் கரும்பலகைக்கு வந்தபோது, அவை எதைக் குறிக்கின்றன என்று ஒருவரும் கேட்கவில்லை.

செயற்றிட்டவழிக் கற்றல் எனப்படும் இம்முறையை எவரும் நேற்றுக் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்கக் கல்வியியலாளர் ஜோன் டூயி 1896 இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பரிசோதனைப் பள்ளியில் பிள்ளைகள் சமைத்தும் நெய்தும் தச்சுவேலை செய்தும் கற்றார்கள். 1927 இல் யாழ்ப்பாணம் வந்து சென்ற காந்தியடிகள், 1937 இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியிலும் ஒரு கைத்தொழிலே மற்றப் பாடங்களுக்கு நடுவில் வைக்கப்பட்டது. எமது பாடசாலைகளிலும் செயற்றிட்டம், ஒப்படை என்ற பெயர்கள் இருக்கவே செய்கின்றன; ஆனால் கொம்யூனிகேசன் கடையில் அச்சிட்டு, மினுங்கும் அட்டை போட்டுச் சமர்ப்பிக்கும் ஒப்படைகளில் பிள்ளையின் கை எவ்வளவு பட்டிருக்கும் என்பது பெற்றோராகிய எமக்கு நன்றாகவே தெரியும். இரவு 10 மணிக்கு அந்தக் கடை வாசலில் நின்றவர்கள் நாங்கள்தாமே.

சாதாரண தரப் பரீட்சை நெருங்குகையில் இதற்கெல்லாம் நேரம் உண்டா என்ற கேள்வி இக்குழுவுக்குள்ளேயே எழுந்தது. ரியூசனும் பாடசாலையுமாக ஓடும் பிள்ளைக்கு மூன்று நாளை ஒரு கல்லுக்காகச் செலவழிப்பது சிறிய விடயமன்று. எல்லாப் பாடங்களும் இம்முறைக்கு ஏற்றவையல்ல என்பதை ஆசிரியையும் ஒப்புக்கொள்கிறார். வாரத்தில் இரண்டு பாடவேளைகளுக்கு மேல் அவர் கேட்கவில்லை. அந்த இரண்டு வேளைகளில் பிழைவிடவும் பிழையைத் தாமே தேடவும் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும் என்பதே அவருடைய நிலைப்பாடு. மழை வந்தால் கலைந்துபோகும் வேப்பமரத்தடி அதற்குப் போதாது.

கூடம் அமைந்தபின் எடுத்துக்கொள்ளவிருக்கும் முதல் வேலை ஊர்க் கிணறுகளைப் பற்றியது. வற்றாத ஆறொன்றும் இல்லாத எமது யாழ்ப்பாணக் குடாநாட்டில், சுண்ணக்கற் பாறையினுள் உவர் நீரின் மேல் மிதக்கும் நன்னீரே நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் ஆகும். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணிப்பு. அளவுக்கு மீறி இறைத்து மேலே 1 அடியை இழந்தால் கீழே இழப்பது எவ்வளவு என்பதை எவரும் எண்ணிப் பார்க்கலாம். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர் நீருமாக இருக்கும் நிலாவரைக் கிணற்றைச் சுற்றுலாவில் பார்த்துவந்த பிள்ளைகள், தத்தம் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் மாரியிலும் கோடையிலும் அளந்து வரைபாக்குவார்கள். தோட்டப் பசளையால் நீரில் சேரும் நைத்திரேற்று, உலகச் சுகாதார நிறுவனம் குறித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டுகிறதா என்பதையும் சோதிப்பார்கள்.

கூரை, நிலம், மின்னிணைப்பு ஆகியவற்றுக்கும் நான்கு தச்சு மேசைகள், கைவாள், உளி, சீவுளி, துளையிடும் இயந்திரம், பற்றாசுக்கோல், பல்மானி, உவர்த்தன்மையை அறிய நீரின் கடத்துதிறனை அளக்கும் மானி ஆகியவற்றுக்குமாக 24 இலட்சம் ரூபா தேவையென மதிப்பிட்டுள்ளோம். இதுவரை 7 இலட்சம் ரூபா சேர்ந்துள்ளது. பணமாகத் தருவோர் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கில் வைப்பிலிட்டு, அதிபர் அலுவலகத்தில் பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளலாம். வரவு செலவு விபரம் மாதந்தோறும் அறிவித்தற் பலகையில் இடப்படும். தொகை சிறிதென்று எவரும் தயங்க வேண்டாம். 500 ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு உண்டு.

பாவனைக்குதவும் வேலைக் கருவிகளை வீட்டில் வைத்திருப்போர் அவற்றையும் தரலாம். தச்சு, மேசன், மின்னிணைப்பு வேலை தெரிந்தவர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது வந்து பிள்ளைகளுடன் நின்றால் பேருதவியாக இருக்கும். ஐப்பசி மழைக்கு முன்னர் கூரையை முடிக்க வேண்டியிருப்பதால், ஆவணி விடுமுறையிலேயே வேலையைத் தொடங்க எண்ணியுள்ளோம்.

இன்னுமொன்று. பிள்ளைகள் இம்முறை உண்மையான அளவில் துலா கட்டப்போவதாக நிற்கிறார்கள். பழைய வீடு பிரித்தபோது மிஞ்சிய, உளுத்துப்போகாத, வைரமேறிய பனைமரம் 20 அடிக்குக் குறையாமல் எவரிடமாவது கிடந்தால் அறியத் தாருங்கள். லாண்ட்மாஸ்ரருடன் (இருசில்லு உழவு இயந்திரம்) நாங்களே வந்து ஏற்றிக்கொள்வோம்.

இங்ஙனம்,
செயன்முறைக் கூட அமைப்புக் குழுவினர்,
யாழ்ப்பாணம்