நடு இழை ஒண்ணுதான் மாப்ள

சென்னிமலை

மாப்ள,

பதில் போடத் தாமதந்தான். திட்டுறதை நேர்ல வெச்சுக்க. இங்க எல்லாரும் சுகம். நீ அனுப்புன சேலைக் கரை கிராஃபைப் பாத்தேன், மயில் அம்சமா இருக்கு. ஆனா தறிக்கு ஓட்டை போட்ட அட்டை அடிக்கக் குடுத்துறாத, சித்த பொறு.

மயிலுக்கு மயில் எதிரெதிரா நிக்கிற இடத்துல ஒரே மாதிரி ரெண்டு வரிசை போட்டிருக்க. மடிப்பு, அதான் டிசைன் திரும்புற இடம், ஒரே இழையில விழணும். இழையைத் தூக்குற 120 கொக்கிப் பெட்டியில 119 கொக்கிக்கு ரெண்டு ரெண்டு இழை கட்டு, கடைசிக் கொக்கிக்கு ஒண்ணே ஒண்ணு. மொத்தம் 239. உன் கணக்குப்படி 240 கட்டினா நடு இழை ரெண்டும் சேந்தே ஏறி இறங்கும். கரை நெடுக தடிச்ச கோடு ஓடும். அப்புறம் எத்தனை தடவை தேச்சாலும் போகாது.

இன்னொண்ணு. நடு இழையையும் சேத்து நாலு இழைமேல ஊடை, அதான் குறுக்கு நூல், கட்டுப்படாம போகுதுன்னு வையி. மடிச்சா அது எட்டு இல்ல, ஏழு. ஏழுன்னாலும் நீளந்தான், மெட்டி மாட்டுனா இழுத்துட்டு வந்துரும். நடு இழையில ஒரு கட்டு வெச்சுரு.

அப்பறம் கரையில நெய்யணும்னு நீ கேட்ட அந்தப் பேரு! ரெண்டு கரையையும் ஒரே கொக்கி தூக்குறப்ப ஒரு கரையில எழுத்து தலைகீழ் இல்ல, இடவலமா மாறிரும். ‘ப’வும் ‘ஃ’கும் மட்டுந்தான் தப்பிக்கும். அதை மட்டும் வெச்சுப் பேரு வெச்சவன் நம்ம வாத்தியார் கிளாசுலயும் இல்ல. எழுத்துக்குத் தனிக் கொக்கி ஒதுக்கு, இல்லாட்டி முந்திக்குத் தள்ளிரு.

சேலை உடல்ல நீ கேக்குற அம்புமுனை வரிதான் எனக்குக் கவலை. கிராஃபுல வலமும் இடமும் அச்சா ஒண்ணு. நூலோட முறுக்கு மட்டும் மடங்காதே! முறுக்குக்கு எதிரா சாயுற வரி எடுப்பாத் தெரியும், முறுக்கோட சேந்து சாயுறது அமுங்கிரும். வெளிச்சம் ஒரு பக்கமா விழுந்தா ரெண்டு பாதியும் ரெண்டு சாயமாட்டத் தெரியும். ஒரு பாதிக்கு எதிர்முறுக்கு நூல் போடலாம், அதுக்கு எங்க அலையறது? சாதா நெசவே போதும்னு நான் சொல்லுவேன்.

நம்ம உடம்பும் இப்படித்தான் மாப்ள, வெளிய ரெண்டு பக்கமும் ஒண்ணாட்டம், உள்ள அப்படி இல்ல. கருவுல நுண்மயிர் ஒரே பக்கமாச் சுழன்று நீரை இடப்பக்கம் தள்ளுது. இதயம் இடம், ஈரல் வலம்னு பிரியறது அங்கதான் தொடங்குது. பிறவியிலயே அந்த மயிர் அசையாதவங்கள்ல பாதிப்பேருக்கு உள்ள இருக்கறதெல்லாம் பக்கம் மாறிக் கெடக்கும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது.

திருத்தி அனுப்பு. அட்டைக்காரர் கேட்டா நாந்தான் நிறுத்தச் சொன்னேன்னு சொல்லிக்க.