39 இலக்கப் பகா எண்

அன்புள்ள நண்பர் சுந்தரேசன் அவர்களுக்கு,

வணக்கம். மூட்டுவலி தணிந்து மாலை நடையை மீண்டும் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன்; இங்கு யாவரும் நலம். கணிப்பொறி இல்லாத காலத்தில் 39 இலக்க எண் ஒன்றைப் பகா எண் என்று எப்படி உறுதியாகச் சொன்னார்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த எண் 2-இன் 127-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு: 170141183460469231731687303715884105727. காரணி தேடி வகுத்துப் பார்க்கும் வழியில் இறங்கினால் 20 இலக்க எண்கள் வரை போக வேண்டும், ஆயுள் போதாது. 1876-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எடுவார்ட் லூக்கா காரணிகளைத் தேடவே இல்லை. அவருடைய முறையைப் பின்னாளில் அமெரிக்கக் கணித அறிஞர் லேமர் செப்பனிட்டார். அந்த வடிவில், 4-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கம் எடுத்து 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான சுற்றுகளின் முடிவில் மீதி சுழியானால் அது பகா எண், இல்லையேல் பகு எண்.

31-ஐப் பாருங்கள், அது 2-இன் 5-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு என்பதால் மூன்றே சுற்று. 4-இலிருந்து 14, அதிலிருந்து 194. இதை 31-ஆல் வகுக்கவும் தேவையில்லை: 194-இல் ஆறு 32-உம் மிச்சம் 2-உம் இருப்பதால் 6-ஐயும் 2-ஐயும் கூட்டினால் மீதி 8. அடுத்த சுற்றில் வரும் 62, 31-இன் இரு மடங்கு; மீதி சுழி. வகுத்தலைக் கூட்டலாக்கித் தரும் இந்தச் சலுகை, 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண்களுக்கே உரிய வரம் என்பேன்.

2-இன் 11-ஆம் அடுக்கில் ஒன்று குறைவான 2047-க்கு இதையே செய்தால் ஒன்பதாம் சுற்றில் 1736 மிஞ்சுகிறது. பகு எண் என்பது உறுதி. ஆனால் அதன் காரணிகளான 23-உம் 89-உம் அந்த 1736-இல் எங்கும் தென்படவில்லை. 67-ஆம் அடுக்குக்குரிய எண்ணையும் லூக்கா இப்படித்தான், காரணி ஒன்றும் காட்டாமலே, பகு எண் என்று நிறுவினார். அதன் காரணிகள் 193707721, 761838257287 என்று அமெரிக்கக் கணித அறிஞர் கோல் கண்டுபிடித்தது 1903-இல்தான். இருப்பதை அறிவதும் எங்கே இருக்கிறது என்று அறிவதும் இவ்வளவு தூரம் விலகி நிற்பது எனக்கு இன்றும் வியப்பே.

லூக்காவின் 39 இலக்க எண் 1951 வரை, 75 ஆண்டுகள், அறியப்பட்ட பகா எண்களில் மிகப் பெரியதாக இருந்தது. 2, 3, 7, 127 என்று, முந்தையதையே 2-இன் அடுக்காக்கி ஒன்று கழித்துக்கொண்டு போகும் வரிசையில் அடுத்து வருவதும் அதுவே. அதையும் அடுக்காக்கினால் வருவது பகா எண்தானா என்பது எவருக்கும் தெரியாது. லூக்காவின் சோதனையும் அங்கே உதவாது, ஏனெனில் செய்ய வேண்டிய சுற்றுகளின் எண்ணிக்கையே இந்த 39 இலக்க எண்ணில் இரண்டு குறைவு.

அன்புடன்,
இராமநாதன்