விருப்ப ஓய்வு பெற்ற ஒரு மருத்துவரின் கணவர் எழுதும் மடல்

அரசு மருத்துவர்களின் பணியிடங்களையும் பணி நேரத்தையும் முடிவு செய்யும் உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் அரசு மகப்பேறு மருத்துவராக இருபது ஆண்டுகளுக்கும் மேல் பணியாற்றிய என் மனைவி, ஓய்வு வயதுக்கு இன்னும் ஏழு ஆண்டுகள் இருக்கும்போதே விருப்ப ஓய்வில் வெளியேறிவிட்டார். அடிப்படை விதி 56(3)-இன்படி மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து அவர் எழுதிய விண்ணப்பத்தில், காரணம் ‘குடும்பச் சூழ்நிலை’ என்று இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் இருப்பவன் நான். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள், கவனித்துக்கொள்ள வேண்டிய முதியவர்கள் இப்போது இல்லை, கடனும் இல்லை. வேலையை விடும்படி வீட்டில் ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை. ஆகவே உண்மைக் காரணத்தை, அவருடைய ஒப்புதலோடு, நான் எழுதுகிறேன்.

தனியார் மருத்துவமனையில் கூடுதல் சம்பளம் கிடைத்திருக்குமோ என்று பலர் எங்களிடமே கேட்டார்கள். அவர் எங்கும் சேரவில்லை. ஊதிய விஷயத்தில் மருத்துவர்களுக்குக் குறை உண்டு என்பதையும் நான் மறுக்கவில்லை. அரசு மருத்துவர்களின் ஊதிய உயர்வு தொடர்பான 2009-ஆம் ஆண்டின் அரசாணை 354-ஐ முன்வைத்து 2019 அக்டோபரில் நடந்த வேலைநிறுத்தத்தில் அவரும் கலந்துகொண்டார். ஆனால் அவரை வெளியே அனுப்பியது அது அன்று.

முதலில் இரவுப் பணியைச் சொல்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சமாளிக்க முடியாத பிரசவங்களெல்லாம் சீமாங்க் எனப்படும் அவசரகால மகப்பேறு, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு மையத்துக்கு அனுப்பப்படுகின்றன. அங்கே இருபத்து நான்கு மணி நேரமும் சிசேரியன் செய்ய மகப்பேறு மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும் இருந்தாக வேண்டும் என்பதே ஏற்பாடு. காகிதத்தில் இருக்கும் பணியிடங்கள் நிரம்பியிருந்தால் இந்த ஏற்பாடு நடக்கும். அவர் கடைசியாக வேலை செய்த மருத்துவமனையில் ஒருவர் மாற்றுப்பணியில் வேறிடத்துக்குப் போயிருந்தார், ஒருவர் மகப்பேறு விடுப்பில் இருந்தார், ஓரிடம் நெடுநாள் காலியாகவே கிடந்தது. மீதமிருந்தவர்கள் இரவு டூட்டி பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் புறநோயாளிகளையும் பார்த்து, மதியத்துக்கு மேல் வீடு திரும்பினார்கள். ஓய்வு வயது 2020-இல் 58-லிருந்து 59 ஆகவும், அடுத்த ஆண்டில் 60 ஆகவும் உயர்ந்தபோது, ஐம்பதைத் தாண்டிய ஒரு மருத்துவர் வாரத்தில் எத்தனை இரவு விழித்திருக்கலாம் என்ற கேள்வியையும் யாராவது கூடவே கேட்டிருக்க வேண்டும்.

இருந்தும், அதை அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது மகப்பேறு இறப்புத் தணிக்கை நடத்தப்பட்ட விதம். தணிக்கையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவரும் சொல்ல மாட்டார். 2018–20 காலத்துக்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்திய அளவில் தாய் இறப்பு 97 ஆக இருந்தபோது தமிழ்நாட்டில் 54 ஆக இருந்ததென்றால், ஒவ்வொரு இறப்பையும் எடுத்து எங்கே தாமதம் நேர்ந்தது என்று பார்க்கும் வழக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு என்று எனக்கு எடுத்துச் சொன்னவரே அவர்தான்.

ஒரு பெண் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் இறந்துபோனார். தணிக்கைக்கு முந்தைய இரவு, என் மனைவி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேஸ் ஷீட்டிலிருந்த நேரங்களை ஒரு நோட்டில் வரிசையாக எழுதினார்: கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின் மருந்தை ஏற்றியது எப்போது, கருப்பையில் பலூன் வைத்தது எப்போது, ரத்தம் கேட்டு ஆள் அனுப்பியது எப்போது, முதல் பை வந்தது எப்போது. கடைசி இரண்டு வரிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியைப் பேனாவால் வட்டமிட்டார். அன்றிரவு ரத்த வங்கியில் இருந்த ஒரே தொழில்நுட்பர் ஆய்வகத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காணொளிக் கூட்டத்தில் அந்த வட்டத்தைப் பற்றி என் மனைவி பேசத் தொடங்கியதும், சாக்குச் சொல்ல வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியவர் பிரசவம் பார்த்த அனுபவம் இல்லாதவர். இளைய மருத்துவர்களும் செவிலியர்களும் பார்த்துக்கொண்டிருக்க, நோயாளியைக் கொன்றவர் என்பது போன்ற தொனியில் அவரிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. அவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. ரத்த வங்கிக்கு ஆள் வரவில்லை.

அதற்குப் பிறகு அவரிடம் ஒரு மாற்றத்தைக் கண்டேன். சிக்கலான கேஸ் வந்தால் முன்பெல்லாம் இங்கேயே பார்க்கலாம் என்று சொல்பவர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவிடலாமா என்று யோசிக்கத் தொடங்கினார். வழியில் ஆம்புலன்ஸிலேயே ஏதாவது நேர்ந்தால் என்ன செய்வது என்ற பயமும் அவருக்கு இருந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக நோயாளியை அனுப்பும் மருத்துவராக நான் மாறிக்கொண்டிருக்கிறேன், அப்படி ஆவதற்கு முன்னால் போய்விடுகிறேன் என்று அவர் என்னிடம் சொன்ன வாரத்தில்தான் அந்த விண்ணப்பம் எழுதப்பட்டது. உங்கள் கோப்பில் இருக்க வேண்டிய காரணம் இதுதான்.

உறவினர்களின் கோபத்தையும் மருத்துவர்களே தாங்க வேண்டியிருக்கிறது. 2008-இல் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும், 2024 நவம்பரில் கிண்டியில் பணியிலிருந்த புற்றுநோய் மருத்துவர் கத்தியால் குத்தப்பட்டார். அந்தச் செய்தி வந்த நாளில் எத்தனை மருத்துவர்களின் வீடுகளில் விருப்ப ஓய்வைப் பற்றிய பேச்சு எழுந்திருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது.

நான் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. தணிக்கைக்குத் தலைமை ஏற்பவர் மகப்பேறு மருத்துவராக இருக்கட்டும். அந்த இரவில் எந்தப் பணியிடம் காலியாக இருந்தது என்பது அறிக்கையின் முதல் பக்கத்தில் இடம்பெறட்டும். ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு இரவுப் பணியிலிருந்து விலக்களித்து, இளையவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பைக் கொடுங்கள். விருப்ப ஓய்வு கேட்கும் ஒவ்வொரு மருத்துவரையும், கோப்பில் கையெழுத்திடுவதற்கு முன்னால், ஒரு மணி நேரம் எதிரே உட்கார வைத்துக் காரணத்தைக் கேளுங்கள். ஏற்கெனவே போய்விட்டவர்களையும் அழைத்துக் கேட்கலாம். என் மனைவி அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறார். அழைத்தால் அதை எடுத்துக்கொண்டு வருவதற்கு இசைந்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓர் அரசு மருத்துவரின் கணவர்