மதியம் ரெண்டு மணிக்கு அம்மா கடலுக்குள் இருப்பார்

மதிப்பிற்குரிய தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பிரிவினருக்கு,

வணக்கம். பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து எழுதுகிறேன். எந்தச் சேனல், எந்த நாடகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு வருடம் ராத்திரி எட்டரைக்கு வந்ததைப் போன மாதம் மதியம் ரெண்டு மணிக்குத் தள்ளினீர்கள். இந்த மாதம் நாலே நாளில் கதையைச் சுருட்டி, கடைசிப் பகுதியை ஆப்பில் பாருங்கள் என்று திரைக்குக் கீழே ஓடவிட்டீர்கள்.

மதியம் ரெண்டு மணிக்கு எங்கள் அம்மா கடலுக்குள் இருப்பார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விடியும் முன்பே வல்லம் ஏறித் தீவுப் பக்கம் போவார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்கி முங்கிப் பாறையிலிருந்து பாசி பறிக்க வேண்டும். கரை திரும்பி, பாசியைக் காயப் போட்டு, குளித்து, சோறு பொங்கி, அப்பாடா என்று கால் நீட்டுவதற்கும் எட்டரை அடிப்பதற்கும் சரியாக இருக்கும்.

சரி, ஆப்பிலாவது பார்க்கட்டும் என்று என் போனைக் கொடுத்தேன். அம்மாவின் விரல் பட்டால் திரை அசையவே இல்லை. பாறையும் உப்பும் தேய்த்த விரல் அது. ரேஷன் கடை மெஷினே நாலு தடவை துடைத்து வைத்தால்தான் ரேகை எடுக்கும். நானே அழுத்திக் கொடுத்தேன். பணம் கட்டினால்தான் படம் வரும் என்றது. அம்மா போனைத் திருப்பித் தந்துவிட்டு, "கடைசில அந்தப் புள்ள வீட்டுக்குப் போய்ச் சேந்துச்சா இல்லையா, நீயே பாத்துச் சொல்லு" என்றார். பணம் கட்டிப் பார்த்துச் சொன்னேன்.

ஆகவே கேட்கிறேன்: டிவியில் ஆரம்பித்த கதையை டிவியிலேயே, அதே நேரத்தில் முடித்து வையுங்கள்.

எங்களுக்கு டிவி நேற்று வந்ததல்ல. ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி ரூபவாஹினி பார்த்த கரை இது. பிறகு ராமேஸ்வரத்திலேயே 323 மீட்டர் உயரத்துக்கு தூர்தர்ஷன் கோபுரம் எழும்பியது. தூர்தர்ஷன் காலத்தில் 13 வாரம் என்றால் 13 வாரத்தில் நாடகம் முடியும். 1999இல் 'சித்தி' வந்ததிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டு நேரமே மாறிப்போனது. அப்போது எங்கள் தெருவில் டிவி இருந்தது ஒரே வீட்டில். 'மெட்டி ஒலி'யின் ஐந்து பெண்களுக்கும் அந்தத் திண்ணையில் கூட்டமாக அழுதோம். 'கோலங்கள்' 2003இல் தொடங்கியபோது நான் ஆறாம் வகுப்பு. 2009இல் முடிந்தபோது பன்னிரண்டாம் வகுப்பு. அதில் வில்லனாக வந்த ஆதியைத் திட்டாத வாய் இந்த ஊரில் கிடையாது. 1500 பகுதி தாண்டி இழுத்தார்கள்தான், ஆனாலும் டிவியிலேயே முடித்தார்கள். இடையில் அரசாங்கத்தின் இலவச கலர் டிவி வந்து அவரவர் வீட்டில் பார்க்க ஆரம்பித்தோம். ஆனாலும் ஆண்கள் கடலுக்குப் போன ராத்திரிகளில் பெண்கள் ஒரே வீட்டில்தான் கூடுவார்கள். நாடகம் ஒரு சாக்கு.

இப்போது என்ன வைத்திருக்கிறீர்கள்? பாலில் விஷம், கோமா, இவருக்குப் பதில் இவர் என்று ஒரு அட்டை. சரக்குத் தீர்ந்தால் ரெண்டு குடும்பத்தையும் ஒரே மண்டபத்தில் விட்டு மகாசங்கமம். கடற்கரைக் கதை என்று ஒன்று எடுத்தால், மீன் கூடை தூக்குகிறவள் கண் மை கலையாமல், கூடையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வடியாமல் நடக்கிறாள். அந்த மை எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொன்னால் எங்கள் பெண்களும் வாங்கிக்கொள்வார்கள். ரேட்டிங் விழுகிறது, இளவட்டம் போனுக்குப் போய்விட்டது என்கிறீர்கள். போனவர்களைப் பிடிக்க ஓடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? டிவிக்கு முன்னால் இன்னும் உட்கார்ந்திருக்கிறவர்களை ஏன் எழுப்பிவிடுகிறீர்கள்?

மன்னிக்கவும், பேச்சு எங்கேயோ போய்விட்டது. தாழ்மையுடன் கேட்பது இவ்வளவுதான்: இனி எந்த நாடகத்தையும் டிவியிலேயே, வழக்கமான நேரத்திலேயே முடியுங்கள். அந்தக் கடைசி நாலு நாள் கதையை ஒரே ஒரு தடவை ராத்திரி எட்டரைக்குப் போடுங்கள். தேதியை முன்னாலேயே சொன்னால் தெருவில் சொல்லி வைப்பேன். நான் சொன்ன முடிவை அம்மா இன்னும் நம்பவில்லை.

இப்படிக்கு,
பாசி எடுக்கும் ஒருவரின் மகள்