தாத்தாவப் பத்தி நீ பேசறதுக்கு முன்னாடி

தம்பி,

நினைவுக் கூட்டத்துல பேசறதுக்கு நீ எழுதி அனுப்பினதப் படிச்சேன், நல்லாத்தான் இருக்கு, ஆனா "வாரி வழங்கிய வள்ளல்"னு போட்டிருக்க பாரு அத எடுத்துடு. உங்க தாத்தா வள்ளல் எல்லாம் கிடையாதுடா. ஒரு ஸ்க்ரூ கீழ விழுந்தாலும் குனிஞ்சு எடுத்து டப்பால போடற ஆளு. எல்லாத்தையும் எண்ணுவாரு, எல்லாத்தையும் எழுதுவாரு, அவர்மேல அத்தனை பேருக்குப் பிரியம் வந்ததே அதனாலதான்னு நான் நினைக்கிறேன்.

நம்ம கடை மாதிரி ஹார்டுவேர் வியாபாரம் பாதிக்குப் பாதி கடன்லதான் ஓடும். பிளம்பர் வேலைய முடிச்சு வீட்டுக்காரர்கிட்ட காசு வாங்கினாத்தான் நமக்குத் தருவாரு, அதுவரைக்கும் நமக்கு சரக்கு அனுப்பினவங்க காத்திருப்பாங்களா? நாம 45 நாள் கடன் குடுத்துட்டு நமக்கு 30 நாள்தான் தவணைன்னா நடுவுல 15 நாள் கைக்காசப் போட்டுத்தான் ஓட்டணும், லெட்ஜர்ல லாபம் இருக்கும் கல்லாப்பெட்டில காசு இருக்காது. நல்லா ஓடற கடைங்க கூட இந்த இடத்துலதான் மாட்டிக்கும்.

கணக்கு எழுத எனக்குக் கத்துக்குடுத்ததே அவர்தான். நமக்கு சரக்கு அனுப்பறவங்க பில்லுல 10 நாளுக்குள்ள கட்டினா 2 சதவீதம் தள்ளுபடி, இல்லேன்னா 30 நாளுக்குள்ள முழுசா கட்டணும்னு போட்டிருக்கும், நான் வெறும் ரெண்டு தானேப்பா மெதுவா கட்டலாமேன்னேன். கால்குலேட்டர எடுத்து என் முன்னாடி வெச்சுட்டாரு. 20 நாள் லேட்டா கட்டறதுக்கு 2 சதவீதத்த விடறோம்னா அது வருஷக் கணக்குல 36 சதவீதத்துக்கு மேல வட்டி கட்டறதுக்கு சமம், வட்டிக்காரன் கூட கேக்கக் கூசுவான்னாரு. அதுக்கப்புறம் எந்த பில்லும் பத்தாவது நாளத் தாண்டினதில்ல. சரக்கு தட்டுப்பாடான நேரத்துல மத்த கடைல இல்லாதது நம்ம கடைல இருந்துச்சுன்னா அதுக்கு காரணம் ராசி இல்ல, இதுதான், சீக்கிரம் காசு கட்டறவங்களுக்குத்தானே முதல்ல சரக்கு அனுப்புவாங்க.

பாக்கி கேக்கறதப் பத்தி கண்டிப்பா சொல்லு. நாலு பேர் முன்னாடி கேக்கவே மாட்டாரு, உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சு நோட்ட அவங்க பக்கம் திருப்பி வெச்சுட்டு "நீங்களே பாருங்க, எப்படிக் கட்ட முடியும்னு சொல்லுங்க"ம்பாரு. வாரத்துக்குக் கொஞ்சம்னு சொன்னா அதையும் அவங்க கண்ணு முன்னாடியே எழுதிக்குவாரு. சத்தியமா வராதுன்னு தெரிஞ்சா வருஷக் கடைசில வராக்கடன்ல தள்ளிட்டு அதோட விட்டுடுவாரு, அந்த ஆளப் பத்தி வீட்ல ஒரு வார்த்தை பேசக்கூடாது, நான் பேசி நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கேன். ஆனா அதே ஆள் திரும்பி வந்தா ரொக்கம் வெச்சாத்தான் சரக்கு! அதுல மட்டும் இளகவே மாட்டாரு, அதுக்காக அவர்மேல கோவிச்சுக்கிட்டவங்கள நான் பாத்ததே இல்ல.

எனக்கு ஒரு குறை உண்டு. நான் ஸ்கூல்ல பாடினப்போ ஒரு விழாவுக்கும் வந்ததில்ல, கேட்டா ஸ்டாக் எடுக்கறேம்பாரு. உன்கிட்ட மட்டும் அப்படி இல்ல, பேரன்னு வந்ததும் மனுஷன் மாறிட்டாரு (எனக்குப் பொறாமைதான், இருக்கட்டும்). ஞாபகம் இருக்கா, வெர்னியர (நுணுக்கமா அளக்கற கருவி) எடுத்து அரை இஞ்ச் ஜிஐ பைப்ப (துத்தநாகம் பூசின இரும்புக் குழாய்) அளந்துட்டு, அரை இஞ்ச்னா 12.7 மில்லிமீட்டர் தானே இது 21க்கு மேல வருதே தாத்தா எல்லாரையும் ஏமாத்தறாருன்னு கடை முழுக்கக் கத்தின. வந்த கஸ்டமர நிக்க வெச்சுட்டு உனக்கு விளக்கம் சொன்னாரு, அரை இஞ்சுங்கறது அந்தக் காலத்துல உள் துவாரத்துக்கு வெச்ச அளவு, அப்புறம் பைப்போட கனம் குறைஞ்சு உள்பக்கம் அகலமாயிடுச்சு, வெளி அளவ மட்டும் தொடல, தொட்டா பழைய ஃபிட்டிங்ஸோட மரை சேராதுன்னு. அந்த கஸ்டமரும் இத்தனை வருஷமா இது எனக்கே தெரியாதேன்னு நின்னு கேட்டாரு.

ஸ்க்ரூ எண்ண உன்ன விட்டதும் அப்படித்தான். ஒரு குரோஸ்னா 144, நீ ஒண்ணொண்ணா எண்ணி எண்ணி அழ ஆரம்பிச்சதுக்கப்புறம்தான் நூற மட்டும் எண்ணி எடை போடு, மீதிய தராசு எண்ணிக்கும்னு சொல்லிக் குடுத்தாரு. முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? கேட்டா கை வலிச்சாத்தான் மண்டைல ஏறும்னு சிரிச்சாரு.

இதுல எது வேணுமோ எடுத்துக்கோ, எல்லாத்தையும் சொல்லாத. மாமா முதல்ல பேசறான், அவன் ஆரம்பிச்சா நிறுத்த மாட்டான், நீ அஞ்சு நிமிஷத்துல முடிச்சுடு. வீடியோ கால்ல வரதால மைக்க முன்னாடியே செக் பண்ணிக்கோ, போன தடவை உன் வாய் மட்டும்தான் அசைஞ்சுது.

அம்மா