பிளீச்சிங் வாடையும் ‘முழு ஆய்வும்’

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை வந்தால் எங்கள் தெருக் குழாயில் பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக அடிக்கும். “வாடை வந்தா கிருமி செத்துடுச்சுன்னு அர்த்தம், சார்” என்பார் எதிர்வீட்டு அம்மா. பாதி சரி. ஏரித் தண்ணீரில் மட்கிய இலைதழையும் பாசியும் கரைந்திருக்கும். பவுடரிலுள்ள குளோரின் அவற்றோடும் சேர்ந்து குளோரோஃபார்ம் முதலிய டிரைஹாலோமீத்தேன்களை (அளவு மீறினால் உடலுக்கு ஆகாத வேதிப்பொருள்கள்) உண்டாக்கும். நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் யோஹன்னஸ் ரூக் என்ற வேதியியலாளர் 1974-லேயே இதை எழுதிவிட்டார்.

நம் குடிநீர்த் தரநிலையிலும் (ஐ.எஸ். 10500, 2012) இதற்கு வரம்பு உண்டு: குளோரோஃபார்ம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், புரோமோடைகுளோரோமீத்தேன் 0.06. அமெரிக்காவில் நான்கு டிரைஹாலோமீத்தேன்களும் சேர்ந்தே 0.08-ஐத் தாண்டக்கூடாது.

நம் வீட்டில் எவ்வளவு என்று பார்த்துவிடலாமே என ஒரு தனியார் ஆய்வகத்துக்குப் போனேன். வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், ஆசை விடவில்லை. “பழைய வாட்டர் பாட்டில்ல பிடிச்சிட்டு வாங்க” என்றார்கள். முக்கால் பாட்டில் தண்ணீர் அன்று முழுக்க அவர்கள் மேசைமேலேயே கிடந்தது. குளோரோஃபார்ம் சட்டென்று ஆவியாகிற சரக்கு. கண்ணாடிக் குப்பியில் ஒரு குமிழிகூட இல்லாமல் வாய்வரை நிரப்பி, மிச்சமிருக்கும் குளோரினை முறிக்கச் சோடியம் தயோசல்ஃபேட் போட்டு, ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். முறிக்காவிட்டால் குப்பிக்குள்ளேயும் குளோரின் தன் வேலையைத் தொடரும்.

அறிக்கை வந்தது. பி.எச். (அமில-காரத் தன்மை), டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு), கடினத்தன்மை, கீழே ‘குடிக்க உகந்தது’ முத்திரை. நான் கேட்டதைப் பற்றி ஒரு வரி இல்லை. ரசீதில் மட்டும் ‘முழு ஆய்வு’!

இதைப் படித்துவிட்டுக் குளோரினே வேண்டாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். காலராவும் டைஃபாய்டும் அதைவிட எவ்வளவோ பெரிய ஆபத்து. கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்கத்தான் வேண்டும். நாங்கள் மூடியைத் திறந்துவைத்துக் கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடிக்கிறோம். டிரைஹாலோமீத்தேன் பெருமளவு ஆவியோடு போய்விடும்.

குடிநீர் வாரியத்திடம் நான் கேட்பது, கோடையில் ஒருமுறையாவது இந்த அளவைப் பகுதிவாரியாகப் பார்த்து வெளியிடுங்கள் என்பதுதான். குழாயில் தண்ணீர் எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவுக்கு இந்தப் பொருள்கள் கூடும். அதனால் நீரேற்று நிலையத்துக்குப் பக்கத்திலேயே சாம்பிள் பிடித்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். எங்கள் தெரு வரிசையில் கடைசி. காலை ஆறரைக்குத் தண்ணீர் வரும்.

– ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
அயனாவரம், சென்னை.