அகராதிச் செயலி தரும் அரைகுறைப் பொருள் குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: பிரெஞ்சு–ஆங்கில அகராதிச் செயலி, சந்தாவைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். புதுச்சேரியில் எங்கள் வீட்டு மாடி அறைகள் இரண்டை விருந்தினருக்கு வாடகைக்கு விடுகிறேன். பிரான்சிலிருந்து வருகிறவர்களும் உண்டு என்பதால் உங்கள் செயலிக்கு ஓராண்டுச் சந்தா கட்டினேன்.

போன வாரம் தங்கியிருந்த ஓர் அம்மாவின் நாலு வயதுப் பையன் எங்கள் பூனையின் வாலைப் பிடித்து இழுத்தான். ‘மெஷான்!’ என்று அவர் அதட்டினார். செயலியில் தேடினேன். ‘விக்கிட்’ என்று ஒரே ஒரு சொல் வந்தது. சரி, பேச்சுக் கொடுப்போமே என்று, "ஆமாம், உங்கள் பையன் ரொம்ப விக்கிட்" என்று ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. பெற்ற பிள்ளையைக் கொடியவன் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

குழந்தையைச் சொன்னால் அது ‘நாட்டி’. நாம் "போக்கிரிப் பயலே" என்போமே, அந்த மாதிரி. பிரான்சில் வீட்டு கேட்டில் ‘ஷியேன் மெஷான்’ என்று பலகை மாட்டினால் ‘நாய் ஜாக்கிரதை’ என்று பொருள். புத்தகம் என்ற சொல்லுக்குப் பின்னால் வந்தால் மனம் நோகக் குத்துகிற புத்தகம். முன்னால் வந்தால் ஒன்றுக்கும் உதவாத புத்தகம். இதையெல்லாம் சொன்னவர் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார். அவர் சந்தா கேட்கவில்லை.

‘மோவே’ என்ற சொல்லுக்கு நீங்கள் தரும் பொருள் இன்னும் மோசம். அதே அம்மா மறுநாள் சாவியை நீட்டி ‘மோவேஸ் க்ளே’ என்றார் (‘க்ளே’ என்றால் சாவி, ‘மோவேஸ்’ என்பது ‘மோவே’யின் பெண்பால் வடிவம்). செயலி ‘பேட்’ என்றது. சாவி கெட்டுவிட்டது போல என்று பூட்டு ரிப்பேர்காரரிடம் கொடுத்து, அதே மாதிரி புதுச்சாவி போட்டு வந்தேன். 150 ரூபாய். அதுவும் திறக்கவில்லை. கடைசியில் பார்த்தால், பக்கத்து அறைச் சாவியை மாற்றிக் கொடுத்திருக்கிறேன்! ‘மோவே’ என்றால் ‘தப்பான’ என்றும் பொருளாம். ராங் நம்பரைக்கூட ‘மோவே நூமெரோ’ என்றுதான் சொல்வார்களாம். கடல் ‘மோவேஸ்’ என்றால் கொந்தளிக்கிறது, இறங்காதே என்று அர்த்தம். ‘பேட்’ என்பதை நம்பி, தண்ணீர் அழுக்கு என்று நினைத்து யாராவது இறங்கினால்?

உங்கள் உதவி மையத்துக்கு இருமுறை எழுதினேன். இரண்டு தடவையும் ‘தங்கள் கருத்துக்கு நன்றி’ என்ற தானியங்கிப் பதில்தான்.

இந்த இரண்டு சொற்களுக்காவது இடத்துக்கேற்ற பொருள்களை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு சேருங்கள். மீதி ஏழு மாதச் சந்தாவை என் கணக்கில் திருப்பிச் செலுத்துங்கள். புதுச்சாவி போட்ட ரசீதையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சந்தாதாரர், புதுச்சேரி